0.125 மில்லிமீட்டருக்குள்

மிகத் தூய கண்ணாடியை மயிரிழைபோல் நீட்டிச் செய்யப்படும் ஒளியிழையின் நடுவே, ஏறத்தாழ 0.009 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உள்ளகம் என்னும் பகுதி லேசர் ஒளியைச் சுமந்து செல்ல, அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறை அவ்வொளி வெளியே கசியாதபடி காக்கிறது. உறையையும் சேர்த்த குறுக்களவு 0.125 மில்லிமீட்டர். கேபிள்களும் இணைப்பான்களும் இழைகளை உருக்கி ஒட்டும் கருவிகளும் இந்த அளவுக்கென்றே உருவாகிவிட்டதால், இழையைப் பருமனாக்காமல் அதன் கொள்திறனைப் பெருக்குவதே இத்துறை ஆய்வாளர்களின் பெருமுயற்சியாக இருந்துவருகிறது. இங்கு கொள்திறன் எனப்படுவது ஒரு நொடியில் இழையைக் கடக்கும் தரவின் அளவு. அது பெருகுவதால் ஒளியின் ஓட்டம் விரைவாவதில்லை.

நல்ல இழையிலும் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்குள் ஒளி பாதியாகக் குன்றிவிடுகிறது. முற்காலத்தில் இவ்வாறு மங்கிய ஒளியை மின்குறிகையாக மாற்றி, புதுப்பித்து, மீண்டும் ஒளியாக்கி அனுப்ப வேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினரும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினரும் உருவாக்கிய எர்பியப் பெருக்கி அந்தச் சுற்றுவழியை ஒழித்தது. எர்பியம் கலந்த சில மீட்டர் இழைக்குள் வேறொரு லேசர் ஆற்றலை ஏற்றிவைக்க, அவ்வழியே வரும் மங்கலான ஒளி எர்பிய அயனிகளைத் தூண்டித் தன்னைப் போன்ற ஒளியையே உமிழச் செய்து வலுப்பெறுகிறது. எனினும் அது சிறப்பாக இயங்குவது 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களிலும் அதையடுத்த பட்டையிலும்தான் என்பதால், கண்ணாடி கடத்தக்கூடிய மற்ற அலைநீளங்கள் பெரிதும் பயன்படாமலே கிடந்தன.

2024ஆம் ஆண்டில் ஜப்பானின் தேசியத் தகவல் தொடர்புத் தொழில்நுட்ப நிறுவனம் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகம், நோக்கியா பெல் ஆய்வகம் முதலியவற்றோடு சேர்ந்து நடத்திய சோதனை, அந்த அலைநீளங்களையும் பயனுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனிப் பெருக்கி தேவைப்பட்டமையால், பல நாட்டார் வளர்த்த நுட்பங்கள் ஒன்றுகூடாமல் இச்சோதனை கைகூடியிருக்காது. எர்பியத்தோடு தூலியம், பிஸ்மத் போன்ற தனிமங்கள் கலந்த பெருக்கிகளும், இழையின் கண்ணாடியையே பெருக்கியாக்கும் ராமன் முறையும் அதில் இணைந்தன. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவே இம்முறைக்கு அடிப்படை என்பது நினைவுகூரத்தக்கது. சந்தையில் கிடைக்கும் சாதாரண இழை 50 கிலோமீட்டர் தொலைவுக்கு நொடிக்கு 402 டெராபிட் தரவைச் சுமந்தது. ஒரு டெராபிட் என்பது ஒரு லட்சம் கோடி பிட்.

அடுத்த ஆண்டில் அதே நிறுவனமும் சுமிடோமோ எலக்ட்ரிக் நிறுவனமும் உள்ளிட்ட குழு வேறு வழியைக் காட்டியது. அதே 0.125 மில்லிமீட்டர் உறைக்குள் 19 உள்ளகங்களை நெருக்கமாக அமைத்து, 86.1 கிலோமீட்டர் நீள இழையில் ஒளியை 21 முறை சுற்றவிட்டு, 1,808 கிலோமீட்டர் தொலைவுக்கு நொடிக்கு 1.02 பெட்டாபிட், அதாவது ஆயிரம் டெராபிட்டுக்கும் மேற்பட்ட தரவை அனுப்பினர். இத்தனை நெருக்கத்தில் ஓர் உள்ளகத்தின் ஒளி மற்றொன்றில் கலப்பதைத் தடுக்க இயலாது. எனவே அதைத் தாராளமாகக் கலக்கவிட்டு, மறுமுனையில் 19 உள்ளகங்களின் குறிகைகளையும் ஒருங்கே பெற்று, எது எதனோடு எவ்வளவு கலந்தது என்பதைக் கணித்துப் பிரித்தெடுக்கின்றனர். அந்தக் கணிப்பை இன்னும் திறம்படச் செய்வதே இப்போது அவர்கள் முன்னுள்ள பணி.