முட்டினால் எழும்பும் மோட்டார்

தேக்கடி ஏரியில் படகேறியவர்கள் அந்த மொட்டை மரங்களை மறக்க மாட்டார்கள். 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது, அங்கே நின்ற காடு அப்படியே தண்ணீருக்குள் போனது. அதன் அடிமரங்கள் இன்னும் நிற்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குச் சுரங்கம் வழியே தண்ணீர் இறங்க இறங்க ஏரியின் மட்டம் தாழும். போன மாதம் ஆழத்தில் கிடந்த கட்டை, இந்த மாதம் முழ ஆழத்தில் மறைந்திருக்கும்.

இப்படிப்பட்ட நீரில் அவுட்போர்டு மோட்டார் பூட்டிய படகை ஓட்டுபவருக்கு 'டில்ட்-டிரிம்' அமைப்பு வெறும் வசதி அல்ல, பாதுகாப்பு. அவுட்போர்டு என்பது படகின் பின்பலகையில் தொங்கும் இன்ஜின். பெரிய மோட்டார்களில் அதை ஏற்றி இறக்க 12 வோல்ட் மின்மோட்டார், எண்ணெய் பம்பு, ஹைட்ராலிக் உருளைகள் உண்டு. டிப்பர் லாரியின் தொட்டி எழும்புவதும் இதே முறையில்தான். மோட்டார் எழும்பும் கோணத்தில் ஏறத்தாழ முதல் 20 பாகை டிரிம், அதற்கு மேல் டில்ட். மோட்டாரை உள்ளே இழுத்தால் படகின் முன்பகுதியான அணியம் தாழும். புறப்படும்போது அது நல்லது. வேகம் பிடித்ததும் சற்று வெளியே தள்ளினால் அணியம் எழும்பி உராய்வு குறையும், எரிபொருள் மிஞ்சும். அளவு மீறினால் படகு குதிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் டில்ட் உருளைக்குள் இருக்கிறது. பிஸ்டனில் சிறு குண்டும் சுருள்வில்லும் கொண்ட வால்வுகள் உண்டு. மோட்டாரின் அடிப்பாகம் கட்டையில் முட்டினால் எண்ணெய் அழுத்தம் சட்டென ஏறி, வால்வு திறந்து, எண்ணெய் மறுபுறம் பாயும். மோட்டார் எழும்பி அடியைத் தாங்கிக்கொண்டு பழைய கோணத்துக்கே திரும்பும். ரிவர்ஸில் மோட்டார் தூக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பதும் இந்த எண்ணெய் அழுத்தமே.

புது அமைப்பின் விலை அதிகம் என்பதால் செகண்ட்ஹேண்ட் தேடுவதில் தவறில்லை. எதை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. உருளையும் பம்பு உடலும் பழையதாக இருக்கலாம். ஓ-ரிங்கும் ஆயில் சீலும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். கடலோரத்தில் ஓடிய மோட்டாரின் பிஸ்டன் கம்பியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். குரோம் பூச்சில் குழி தட்டினால் விட்டுவிடுங்கள்; அந்தக் குழி புது சீலையும் அறுத்துவிடும். நன்னீரில் ஓடியது கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கலாம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

சாமான் இன்னும் படகில் இருந்தால் யோகம். மோட்டாரை மேலே ஏற்றி இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் தாழ்ந்திருந்தால் எங்கோ கசிவு. தண்ணீரில் மெதுவாக ரிவர்ஸ் போட்டதும் மோட்டார் தூக்கினால், மோட்டாரைக் கையால் தூக்குவதற்காக எண்ணெயை விடுவிக்கும் கைத்திருகு இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறுகியிருந்தும் தூக்கினால் வால்வைச் சந்தேகிக்கலாம். கழற்றி வைத்ததானால் பேட்டரியை நேரடியாக இணைத்து இரு திசையிலும் மின்மோட்டார் சுற்றுகிறதா என்று பாருங்கள். மின்மோட்டாரில் இரண்டு வயரா மூன்றா என்று முன்பே எண்ணிக்கொள்ளுங்கள், பழைய மாடல்களில் இது மாறும். குதிரைத்திறன் ஒன்றாக இருப்பது போதாது, ஆண்டும் பாக எண்ணும் பொருந்த வேண்டும். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சீல் மாற்றும் வேலையை டிராக்டர் ஹைட்ராலிக் பார்க்கும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். மாட்டியபின் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றி, சிலமுறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, மோட்டார் முழுக்க மேலே இருக்கும்போது அளவு பாருங்கள். அதன் அடியில் கை நுழைக்குமுன் டில்ட் லாக் நெம்புகோலைப் போட்டுவிடுங்கள்.