பக்கவாதம் வந்த கையை ரோபோ மீட்டுத் தருமா?

பக்கவாதம் வந்த பலர் சில மாதங்களில் மெல்ல நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் கை? சட்டை பட்டன் போட, சோறு பிசைய, போனைப் பிடிக்க என எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒருவர் வேண்டியிருக்கிறது. 'ரோபோ பிசியோதெரபி கொடுத்தா கை வந்துடுமாம்' என்று யாராவது சொன்னால், கடன் வாங்கியாவது பார்த்துவிடலாம் என்றுதான் வீட்டில் தோன்றும். பணத்தை எடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

ரோபோ என்ன செய்யும்?

மனித உருவில் எதுவும் வராது. மேஜை அருகே பொருத்திய, மோட்டார் வைத்த இயந்திரக் கை, அவ்வளவுதான். நோயாளியின் கையை அதன் பிடியில் வைப்பார்கள். எதிரே திரையில் தெரியும் புள்ளியை நோக்கி அவர் கையை நகர்த்த வேண்டும். அவரால் முடிந்தால் இயந்திரம் சும்மா கூடவே வரும். முடியாதபோது மட்டும் தள்ளிக்கொடுக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன், ஹெர்மனோ இகோ கிரெப்ஸ் குழு உருவாக்கிய 'எம்.ஐ.டி. மேனஸ்' இதில் முன்னோடி.

எதற்காக ரோபோ?

பக்கவாதத்தில் பழுதாவது கை அல்ல, அதை இயக்கும் மூளைப் பகுதி. செத்த செல்கள் திரும்பாது. ஆனால் தப்பித்த பகுதிகள் அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 2009-ல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையில் ஒரு அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் கைக்குப் பயனுள்ள பயிற்சி கிடைத்தது. ரோபோவோ ஒரே அமர்வில் 1,000 அசைவுகளைத் தாண்டிவிடும். அதற்குக் கை வலிக்காதே!

அப்போ கை சரியாகிடுமா?

இங்கேதான் சிக்கல். பிரிட்டனில் 770 நோயாளிகளை வைத்து நடந்த 'ராட்டல்ஸ்' ஆய்வு 2019-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரு குழுவுக்கு ரோபோ பயிற்சி; இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம் தெரபிஸ்ட் தரும் பயிற்சி. இரண்டுமே வாரம் 3 நாள், 45 நிமிடம், 12 வாரம். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். கைச் செயல்பாட்டில் குறிப்பிட்ட முன்னேற்றம் கண்டவர்கள்: ரோபோ 44%, தெரபிஸ்ட் 50%, வழக்கமான சிகிச்சை 42%. புள்ளியியல்படி இது பெரிய வித்தியாசமே இல்லை.

ரோபோ குழுவில் கையின் அசைவு மேம்பட்டது உண்மை. ஆனால் அது டம்ளரைப் பிடிப்பதாக, பட்டன் போடுவதாக மாறவில்லை. தெரபிஸ்ட் குழுவில் நோயாளி விரும்பும் வேலையையே பழக்கினார்கள். 3 மாதத்தில் அன்றாட வேலைகளில் வழக்கமான சிகிச்சையைவிட முன்னேற்றம் தெரிந்தது.

ரோபோ வேஸ்ட்டா?

இல்லை. 45 ஆய்வுகளைத் தொகுத்த 2018 காக்ரேன் அறிக்கை, இத்தகைய கருவிகளால் கைச் செயல்பாடு மேம்படலாம் என்றே சொல்கிறது. தெரபிஸ்ட் கிடைக்காத இடத்தில் பயிற்சியின் அளவைக் கூட்ட இவை உதவும். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய 'ப்ளூட்டோ' அந்த நோக்கத்தில் வந்ததுதான். ஒரே மோட்டார், பிடியை மாற்றினால் மணிக்கட்டை மடக்க, முன்னங்கையைத் திருப்ப, விரல்களை விரித்து மூடப் பயிற்சி தரலாம்.

பணம் கட்டும் முன் கேளுங்க

- ரோபோ, தெரபிஸ்ட் நேரத்தோடு கூடுதலாகவா, அதற்குப் பதிலாகவா?
- இயந்திரத்தை விட்டு இறங்கியதும் டம்ளர், சீப்பு, பட்டன் என்று பழக்குவீர்களா?
- முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள்? திரையில் வரும் ஸ்கோரா, கை செய்யும் வேலையா?

பதில் திருப்தியாக இல்லையா? அதே பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட்டையோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையோ வாரம் மூன்று நாள் வரவழைப்பதே புத்திசாலித்தனம். தள்ளிப்போட வேண்டாம், முதல் சில மாதங்களில்தான் கை வேகமாக மீளும்.