ஒரு பக்கமும் பல முகவரிகளும்

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றுக்குத் தெருப் பக்கத்தில் ஒரு படலையும், ஒழுங்கைப் பக்கத்தில் மற்றொரு படலையும் இருத்தல் கூடும். எப்படலையால் நுழைந்தாலும் சென்றடையும் வீடு ஒன்றே. ஆயின், ஊருக்குப் புதிதாய் வந்த தபாற்காரர் அவற்றை இரண்டு வீடுகள் எனக் குறித்துக்கொண்டால், கடிதங்கள் இடம் மாறிச் சேரும். இணையத்திலும் இத்தகைய மயக்கம் நிகழ்கின்றது.

இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு. கூகுள் போன்ற தேடுபொறிகள் இம்முகவரிகளைப் பின்பற்றிச் சென்று, பக்கங்களை வாசித்து, தம் அட்டவணையிற் சேர்க்கின்றன. 'எச்.ரீ.ரீ.பி.' எனத் தொடங்கும் முகவரியும் 'எச்.ரீ.ரீ.பி.எஸ்.' எனத் தொடங்கும் முகவரியும் மனிதருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். பொறிக்கோ அவை வெவ்வேறானவை. ஈற்றில் ஒரு சாய்கோடு மிகுந்தாலும், அச்சிடுவதற்கெனத் தனிப்படி வைத்தாலும், பொருள்களை விலைப்படி வரிசைப்படுத்துங் குறிகள் சேர்ந்தாலும் புதிய முகவரி பிறந்துவிடுகின்றது.

இதனால் விளையுங் கேடு யாது? அப்பக்கத்தைச் சுட்டிப் பிறர் அமைக்கும் இணைப்புகளின் பயன் பல முகவரிகளிடையே பிரிந்துபோகலாம். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதிற் பொறியின் நேரம் வீணாகின்றது. எந்த முகவரியைக் காட்டுவதென்பதைப் பொறி தானே தெரிந்தெடுக்கும். அது உரிமையாளர் விரும்பாத முகவரியாகவும் அமையலாம்.

இதற்குப் பரிகாரமாக 2009 பெப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசொவ்ற் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒருங்கே ஓர் ஏற்பாட்டை அறிவித்தன. அதுவே 'கனோனிக்கல்' இணைப்பு. அளவுகோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. தமிழில் 'முதன்மை முகவரி' எனலாம். 2012 இல் 'ஆர்.எவ்.சி. 6596' என்னும் ஆவணம் இதன் இலக்கணத்தை வரையறுத்தது.

இதனை அமைக்கும் முறை எளியது. பக்கத்தின் நிரலில், வாசகர் கண்ணுக்குப் புலப்படாத தலைப்பகுதியில், 'இதற்குரிய முதன்மை முகவரி இது' எனக் கூறும் ஒரு வரியைச் சேர்த்தல் வேண்டும். முகவரியைக் குறைக்காது முழுமையாக எழுதுதல் நன்று. ஒரு பக்கத்துக்கு அத்தகைய வரி ஒன்றே இருத்தல் வேண்டும். முதன்மைப் பக்கமும் தன்னைத்தானே சுட்டிநிற்றல் நல்ல வழக்கம். சுட்டப்படும் முகவரி உண்மையிற் திறக்கக்கூடியதாயும் இருத்தல் வேண்டும். பீ.டீ.எவ். ஆவணங்களுக்கு இவ்வகைத் தலைப்பகுதி இல்லையாதலின், சேவையகம் அவற்றை அனுப்பும்போது உடன் அனுப்பும் குறிப்பில் இதனைச் சேர்க்கலாம்.

இவ்வரி கட்டளையன்று, குறிப்பேயாகும். வேறு அடையாளங்கள் முரண்படின், பொறி அதனைப் புறக்கணிக்கவுங் கூடும். ஆதலின் தளத்தின் உள்ளிணைப்புகளும் முதன்மை முகவரியையே சுட்டுதல் வேண்டும். பழைய முகவரி நிரந்தரமாகக் கைவிடப்பட்டதாயின், வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுதலே தக்கது.

இச்சிறு வரி பிழைத்தால் நேருந் தீங்கு சிறிதன்று. நீண்ட பட்டியலின் இரண்டாம், மூன்றாம் பக்கங்கள் முதலாம் பக்கத்தையே முதன்மையெனச் சுட்டின், பின்னுள்ளவை தேடலிற் தோன்றாது போகலாம். மும்மொழித் தளங்களில் இப்பிழை இன்னும் பாரதூரமானது. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைத் தன் முதன்மை முகவரியெனக் கூறுமாயின், அது தன்னைத்தானே ஒளித்துக்கொண்டதாகும். பிறப்புச் சான்றிதழ் பெறும் முறையைத் தமிழில் தேடும் தாய்க்கு, தமிழில் எழுதிவைத்த விளக்கம் கிட்டாது போகும். எழுதியவர் உழைப்பும் வீணாகும்.

மொழிபெயர்ப்பு வேறு, படி வேறு. ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே முதன்மையாகக் கொள்ளல் வேண்டும். பிறமொழிப் பக்கங்கள் உள்ளன என அறிவித்தற்கு 'எச்ரெவ்லாங்' என்னும் வேறொரு குறிப்பு உண்டு. ஆதலின் தளம் அமைப்போர், தமிழ்ப் பக்கத்தின் நிரலைத் திறந்து, அவ்வொரு வரியை நோக்குவாராக. அதிற் தமிழ்ப் பக்கத்தின் முகவரியே இருத்தல் வேண்டும். உரிய படலைக்கு உரிய இலக்கம் இட்டால், தேடிவருவோர் வழி தவறார்.