‘எனக்குப் பிடிக்கும்’ என்று இத்தாலியனில் சொல்ல, நடுவில் ஆங்கிலம் எதற்கு?

இத்தாலிய மொழி படிக்கத் தொடங்கும் தமிழர்கள் பலர் முதல் மாதத்திலேயே தடுமாறும் பாடம் ஒன்று உண்டு. தனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று சொல்லும் பாடம். தமிழர் தடுமாறவே தேவையில்லாத பாடமும் அதுதான்.

‘மி பியாச்சே இல் கஃபே.’ எனக்குக் காபி பிடிக்கும். ‘மி’ என்றால் எனக்கு. ‘பியாச்சே’ என்றால் பிடிக்கும். ‘இல் கஃபே’ காபி. இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது? ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று தொடங்குவது நமக்குப் பேச்சு வந்த நாள் முதல் பழக்கம். பசி, தூக்கம், காய்ச்சல், கோபம், சந்தேகம் எல்லாவற்றையும் நான்காம் வேற்றுமையில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இத்தாலியன் அதே கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் நம்மவர் அந்தக் கதவு வழியே போவதில்லை. கைபேசிச் செயலியைத் திறக்கிறார். அது ‘ஐ லைக் காபி’ என்று காட்டுகிறது. உடனே மனம் ‘ஐ’-க்கு இத்தாலியச் சொல் தேடுகிறது. ‘இயோ’ கிடைக்கிறது. அதை முன்னால் வைத்து, வினையைத் தன்மைக்கு மாற்றி, ‘இயோ பியச்சோ இல் கஃபே’ என்று ஒரு வாக்கியம் கட்டுகிறார். இத்தாலியர் காதில் ‘இயோ பியச்சோ’ என்பதற்கு, நான் பிறருக்குப் பிடித்தமானவன் என்று பொருள். காபி அந்த வாக்கியத்தில் ஒட்டாமல் தொங்கும். தமிழில் நினைத்திருந்தால் இந்தப் பிழைக்கு வழியே இல்லை.

ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதிய பாடநூல்கள் இந்த வினையை அறிமுகப்படுத்தும்போது எச்சரிக்கை மணி அடிக்கும். இது தலைகீழான வினை, காபி எனக்கு இன்பம் தருகிறது என்று மனத்துக்குள் புரட்டிப் போட்டுக்கொண்டு பேசுங்கள் என்று சொல்லிக்கொடுக்கும். ஆங்கிலேயருக்கு அது நல்ல அறிவுரை. நமக்கு அது தலைகீழ் அல்ல, நேர். நேராக இருப்பதைப் புரட்டச் சொல்லும் பாடத்தை நாம் காசு கொடுத்து வாங்கி, உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறோம். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. வேறு பாடங்களில் ஆங்கிலத்தின் வழியே போவதால் பெரிய நட்டம் இல்லாமல் இருக்கலாம். இந்தப் பாடத்தில் கையில் இருந்த முதலையே இழக்கிறோம்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய ஆங்கிலத்தில் ‘லைக்’ என்ற வினையின் முன்னோர் நான்காம் வேற்றுமையோடுதான் வந்தது. பிடித்த பொருளே எழுவாய். நடுக்கால ஆங்கிலத்தின் போக்கில் அந்த அமைப்பு கரைந்து, ‘ஐ’ முன்னால் வந்து உட்கார்ந்தது. லத்தீன் தன் அமைப்பை விடவில்லை. அதன் வழிவந்த இத்தாலியனும் விடவில்லை. இந்திய மொழிகளில் இந்தக் ‘கு’ அமைப்பு குடும்ப வேறுபாடு கடந்து பரவியிருப்பதை மொழியியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்கிறார்கள். இத்தாலியப் பக்கத்தில், 1988-இல் அத்ரியானா பெல்லெத்தியும் லூயிஜி ரித்ஸியும் மனநிலையைக் குறிக்கும் வினைகளைப் பிரித்து எழுதிய ஆய்வுக்கட்டுரை இன்றும் மொழியியல் மாணவர்கள் படிப்பது. அதில் ‘பியாச்சேரே’ வினைக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் தனி வகுப்பு உண்டு.

அந்தக் கூட்டாளிகளைப் பார்த்தால்தான் நமக்குக் கிடைத்திருக்கும் சலுகையின் அளவு தெரியும். ‘மி பஸ்தா’, எனக்குப் போதும். ‘மி ஸெர்வே’, எனக்குத் தேவை. ‘மி ஸெம்ப்ரா’, எனக்குத் தோன்றுகிறது. ‘மி ஃபா மாலே லா தெஸ்தா’, எனக்குத் தலை வலிக்கிறது. ‘தி வா உன் கஃபே?’ என்று நண்பர் கேட்டால், உனக்கு ஒரு காபி வேண்டுமா என்று அர்த்தம். இவற்றை ஆங்கிலத்தில் சொல்லும்போது பெரும்பாலும் ஆளே முன்னால் வந்துவிடுகிறார். தமிழிலும் இத்தாலியனிலும் அவர் ‘கு’ உருபோடு பக்கத்தில் நிற்கிறார்.

‘கு’ உருபு வரிசையும் அப்படியே பொருந்துகிறது. எனக்கு ‘மி’, உனக்கு ‘தி’, அவனுக்கு ‘ல்யி’, அவளுக்கு ‘லே’, நமக்கும் எங்களுக்கும் ‘சி’, பலரைப் பார்த்து உங்களுக்கு என்றால் ‘வி’, அவர்களுக்கு என்றால் பேச்சில் மறுபடி ‘ல்யி’. ஒரே ஒருவரை மரியாதையாக, உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்க ‘லே பியாச்சே?’ என்பார்கள். அவளுக்கு என்பதற்கும் மரியாதைக்குரிய உங்களுக்கு என்பதற்கும் ஒரே சொல். வயதானவரைப் பார்த்து ‘தி பியாச்சே?’ என்று கேட்டுவிட்டால் அங்கே முகம் மாறும். ஆங்கிலத்தின் ‘யூ’ வழியே படித்தவருக்கு இந்த வேறுபாடு பின்னால் ஒட்டவைத்த விதி. மாமியாரை ‘நீ’ என்று கூப்பிடாத ஊரில் பிறந்தவருக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

இன்னொரு இடம் என்னை வியக்கவைத்தது. நண்பர் ‘மி பியாச்சே இல் மாரே’, எனக்குக் கடல் பிடிக்கும் என்கிறார். எனக்கும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ‘மீ டூ’ ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும். ஆகவே ஆங்கில வழி மாணவர், ‘அன்கீயோ’ என்று சொல்லிவிடுகிறார். அதன் பொருள் நானும். இங்கே வரவேண்டியது ‘அன்க்கே அ மெ’, எனக்கும். அதே நண்பர், நான் தேநீரை அதிகம் விரும்புகிறேன் என்று சொன்னால்தான் ‘அன்கீயோ’, நானும். நானும் எங்கே, எனக்கும் எங்கே என்பது தமிழ்க் குழந்தைக்கு ஐந்து வயதில் தெரியும். எதிர்மறையிலும் இதே கதைதான்: நண்பருக்குப் பிடிக்காதது உங்களுக்கும் பிடிக்காது என்றால் ‘நெயன்க்கே அ மெ’. அவருக்குப் பிடித்து உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ‘அ மெ நோ’.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. ‘பிடிக்கும்’ ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாமல் நிற்கும். மாம்பழம் பிடிக்கும், மாம்பழங்கள் பிடிக்கும். இத்தாலியனில் பிடித்த பொருள்தான் எழுவாய், வினை அதன் எண்ணைப் பின்பற்றும். ஒரு பூனை என்றால் ‘மி பியாச்சே’, பூனைகள் என்றால் ‘மி பியச்சொனோ’. ஒலியிலும் கவனம் வேண்டும். முதல் சொல்லில் ‘யா’ நீண்டு, பின்வரும் சகரம் லேசாக விழும். இரண்டாவதில் உயிர் குறுகி, சகரம் அழுத்தி இரட்டிக்கும். பட்டு, பாட்டு என்று மெய்யை இரட்டித்தே பேசும் நமக்கு அழுத்தம் சுலபம். லேசாக விடுவதில்தான் பயிற்சி வேண்டும். செயலைச் சொல்லும்போது இந்தச் சிக்கல் இல்லை: படிக்கவும் பாடவும் பிடிக்கும் என்று எத்தனை வினைகளை அடுக்கினாலும் ‘மி பியாச்சே’ ஒருமையிலேயே நிற்கும்.

ஆட்களைப் பிடிக்கும்போது நாம் ‘உன்னை’ என்று இரண்டாம் வேற்றுமை போடுகிறோம். எனக்கு உன்னைப் பிடிக்கும். இத்தாலியனில் நீதான் எழுவாய்: ‘மி பியாச்சி’. இந்தச் சொற்றொடருக்குக் காதல் வாடை உண்டு, அக்காவிடமும் அண்ணனிடமும் சொல்வதல்ல. வீட்டாரிடமும் நண்பரிடமும் ‘தி வொல்யோ பேனே’ என்பார்கள். ‘தி ஆமோ’ காதலருக்கு.

சிசிலித் தீவின் பலேர்மோவில் இந்த ‘மி பியாச்சி’க்கு ஒரு திருப்பம் இருக்கிறது. சிசிலி மொழியில் சொல்லிறுதி எகரம் இகரமாகிவிடும். ஆகவே அங்கே ஒரு பாட்டி தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்து ‘மி பியாச்சி’ என்றால், இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டுமே பொருள்.

பலேர்மோவைச் சும்மா குறிப்பிடவில்லை. இத்தாலியில் ஈழத்தமிழர் வேரூன்றிய நகரம் அது. நகரை ஒட்டிய மோன்தே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொஸாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. கத்தோலிக்கத் தமிழரோடு சைவத் தமிழரும் அங்கே ஏறிப் போகிறார்கள். கீழே பல்லரோ சந்தையில் பிடித்ததைச் சொல்லப் பழக வேண்டிய பொருள்கள் எல்லாம் கொட்டிக் கிடக்கும். கடலை மாவில் பொரித்த ‘பனெல்லே’ நம் நாக்குக்குப் பழகிய சுவை. குங்குமப்பூச் சோற்றை உருண்டை பிடித்து, நடுவில் இறைச்சி வைத்துப் பொரித்தது ‘அரான்ச்சினா’. டிசம்பர் 13, சாந்தா லுச்சியா நாளில் பலேர்மோக்காரர்கள் ரொட்டியையும் பாஸ்தாவையும் தள்ளிவைத்துவிட்டு இதைத்தான் தின்பார்கள். ‘மி பியச்சொனோ லே அரான்ச்சினே’ என்று அங்கே சொல்லலாம். தீவின் மறுகோடியான கதானியாவில் அதே பண்டம் ஆண்பாலாகி ‘அரான்ச்சினோ’ ஆகிவிடும், பன்மையில் ‘ல்யி அரான்ச்சினி’. இந்தப் பால் வேறுபாட்டுக்காக இரு ஊர்க்காரர்களும் விடாமல் வாதாடுவார்கள்.

பால் வேறுபாடு இறந்தகாலத்தில் மாணவரைப் பிடித்து உலுக்கும். படம் எனக்குப் பிடித்திருந்தது என்றால் ‘மி எ பியாச்சூதோ’, கேக் பிடித்திருந்தது என்றால் ‘மி எ பியாச்சூதா’. சாப்பிட்டவர் ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை, சாப்பிட்ட பொருளின் பாலே கணக்கு. ‘இல்’, ‘லா’, ‘ல்யி’, ‘லே’ போன்ற முன்சொல்லும் கட்டாயம். தமிழில் அதற்கு ஈடு இல்லாததால் நம்மவர் ‘மி பியாச்சே கஃபே’ என்று மொட்டையாகச் சொல்லிவிடுவார்.

கடையில் நின்று காபி கேட்கும்போது ‘மி பியாச்சே’ உதவாது. ‘வொர்ரெய் உன் கஃபே’ என்று பணிவாகக் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ‘ப்ரெஃபெரிஸ்கோ’. ‘ப்ரெஃபெரிஸ்கோ இல் தே அல் கஃபே’ என்றால் காபியைவிடத் தேநீரே எனக்கு மேல். இங்கே ஆளே எழுவாய், ‘எனக்கு’ வராது. ‘மி திஸ்பியாச்சே’ என்பதைப் பிடிக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது, அது வருத்தம் தெரிவிப்பது. பிடிக்கவில்லை என்றால் ‘நோன் மி பியாச்சே’.

ஆங்கிலத்தின் வழியே போனால் சொற்கள் சீக்கிரம் வந்துவிடும், பாடநூல்களும் ஏராளம் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சொற்களைப் பொறுத்தவரை அது சரியே.

ஆனால் ஆங்கிலமே அதிகம் படிக்காதவர்களை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ போய், பலேர்மோவில் வீட்டுவேலை செய்து, முதியவர்களைப் பராமரித்து வாழும் பெண்களுக்கு இத்தாலியன் பொழுதுபோக்கல்ல. 2010 டிசம்பரிலிருந்து, நீண்டகால வதிவிட அனுமதி கேட்பவர் ஏ2 நிலை இத்தாலியன் தெரியும் என்று காட்ட வேண்டும். 2018 டிசம்பரிலிருந்து குடியுரிமைக்குப் பி1 நிலை வேண்டும். விருப்பு வெறுப்புச் சொல்லும் பாடம் இதற்கெல்லாம் முன்னால், ஏ1-லேயே வந்துவிடுகிறது. முதல் படியிலேயே ‘ஐ லைக்’ என்று ஆங்கிலத்தைக் காட்டினால், அந்தப் பெண் ஒரே நேரத்தில் இரண்டு அந்நிய மொழிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அதில் ஒன்று அவருக்குத் தேவையே இல்லை. தனக்கு மொழி வராது என்று அவர் முடிவுகட்டிக்கொண்டால் அந்தப் பழி யாரைச் சேரும்? தன் தாய்மொழியிலேயே அந்த வாக்கியம் முழுசாக இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?

எதிர்த்திசையில் பயணம் செய்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். இத்தாலியப் பாதிரியார் ரொபெர்தோ தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். வீரமாமுனிவர் என்று நாம் கொண்டாடும் கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி 1680-இல் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்தவர். தமிழில் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார், பேச்சுத்தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அவர்களுக்கும் தமிழுக்கும் நடுவில் ஆங்கிலம் இல்லை. தாய்மொழி இத்தாலியனும் படித்த லத்தீனும் பிடித்தவருக்கு நான்காம் வேற்றுமை கொடுப்பவை. ‘எனக்குப் பிடிக்கும்’ அவர்கள் காதில் அந்நியமாக விழுந்திருக்க நியாயமில்லை. முந்நூறு, நானூறு ஆண்டுக்கு முன் அவர்கள் நேராக வந்த வழியில் நாம் இன்று சுற்றிக்கொண்டு போகிறோம்.

தமிழ்வழி இத்தாலியன் பாடம் எழுத முன்வருபவர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் ‘எனக்கு’ போட முடியாது. எனக்குப் பசிக்கிறது என்பதை நினைத்து ‘மி’ போட்டால் தவறு. இத்தாலியர் ‘ஓ ஃபாமே’, என்னிடம் பசி இருக்கிறது என்பார்கள். தாகம், தூக்கம், பயம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். எது ‘எனக்கு’, எது ‘என்னிடம் இருக்கிறது’ என்று பிரித்து ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால், வேலை முடிந்து களைத்து மாலை வகுப்புக்கு வரும் ஒருவர் பேருந்தில் வரும்போதே அதைப் படித்து முடித்துவிடுவார். வீட்டில் அங்கேயே பிறந்த பிள்ளை இருந்தால் இன்னும் சுலபம். பள்ளியில் ‘மி பியாச்சே’யும் வீட்டில் ‘எனக்குப் பிடிக்கும்’மும் பேசி வளரும் அந்தப் பிள்ளை, சாப்பாட்டு மேசையிலேயே அம்மாவின் வாக்கியத்தில் விட்டுப்போன ‘இல்’லையும் ‘லா’வையும் திருத்திக் கொடுத்துவிடும்.