வெற்றிடத்துக்கும் முன்னால் ஓர் அலைக்கோடு

திருச்சிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வாசகரிடமிருந்து போன மாதம் கடிதம் வந்தது. ஆய்வகத்தில் 40 கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ். "படமும் பட்டனுமாக சாஃப்ட்வேர் கடை ஜன்னல் ஒன்று இருக்கிறதே ஐயா, பிறகு ஏன் பிள்ளைகளைக் கறுப்புத் திரையில் ஆப்ட், ஆப்ட் என்று தட்டச் சொல்கிறோம்? ஒரு மாணவி கேட்டாள். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை" என்று எழுதியிருந்தார்.

40 கணினிகளுக்கும் ஒரே வரியை அனுப்பி வேலையை முடித்துவிடலாம் என்பது சட்டென்று தோன்றும் பதில். அது சரிதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடை ஜன்னல் பொருளைக் காட்டுகிறது; மென்பொருள் நிறுவும் கட்டளையான ஆப்ட் பட்டியலைக் காட்டுகிறது. இருபத்திரண்டு வயதில் ஒரு கல்லூரி நூலகத்தில் மூன்று வருடம் அட்டை எழுதும் வேலை பார்த்தவன் நான். பட்டியல் என்றால் எனக்கு இன்றும் தேக்குப் பெட்டி, வரிசையாக இழுப்பறைகள், அட்டைகளின் அடியில் உள்ள ஓட்டைகளில் கோத்த பித்தளைக் கம்பிதான். புதிய அட்டை சேர்க்க வேண்டுமானால் கம்பியை உருவ வேண்டும். உருவும் உரிமை தலைமை நூலகருக்கும் எனக்கும் மட்டுமே உண்டு. டெர்மினலில் நிர்வாகி உரிமை கேட்டு 'சூடோ' என்று தட்டிக் கடவுச்சொல் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி உருவப்படும் ஓசை எனக்குக் கேட்கிறது.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளியானபோது அதன் களஞ்சியத்தில் 69,830 பொதிகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள், இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு பத்தி உண்டு. பெயர், பதிப்பு எண், பராமரிப்பவர் யார், வேறு எவையெல்லாம் இருந்தால்தான் இது ஓடும், அளவு என்ன, கூடவே 64 எழுத்து நீளத்தில் அந்தப் பொதியின் கைரேகை. பொதிகளின் கைரேகை பட்டியலில் இருக்கிறது, பட்டியலின் கைரேகை இன்னொரு கோப்பில் இருக்கிறது, அந்தக் கோப்பின் மேல் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் ரேகை பொருந்தாது. ஆப்ட் வாங்க மறுத்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் பிள்ளைகள் வழக்கமாகக் குழம்பும் ஓர் இடம் தெளிந்துவிடும். 'ஆப்ட் அப்டேட்' எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. அது புதிய அட்டைகளை மட்டும் கொண்டுவந்து இழுப்பறையில் போடுகிறது. புத்தகத்தை மாற்றுவது 'அப்கிரேட்'. அட்டையைப் புதுப்பிக்காமல் புத்தகம் கேட்டால், அலமாரியில் இல்லாத புத்தகத்துக்கு ஆள் அனுப்பிய கதையாகும்.

அமெரிக்காவில் இயான் மர்டாக் என்ற மாணவர் 1993 ஆகஸ்டில் டெபியனை அறிவித்தார். டெப்ரா என்ற தன் தோழியின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. பொதியைப் பிரித்து உரிய இடங்களில் வைக்கும் டிபிகேஜி 1994-ல் வந்தது. ஆனால் அதற்குக் கையில் கொடுத்த பொதியைத்தான் தெரியும். "இதற்கு இன்னொன்று வேண்டுமே" என்று முறையிடும், போய் எடுத்துவரத் தெரியாது. பட்டியலைப் படித்து, வேண்டியதையெல்லாம் தேடி, ஒழுங்கான வரிசையில் அதன் கையில் கொடுக்கும் ஆப்ட், 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1-இல் சேர்ந்தது.

கல்யாண வீட்டில் நாம் அழைத்தவர் வேறு, அவரோடு கூட வந்தவர் வேறு. ஆப்ட் இந்தக் கணக்கை மறக்காமல் வைத்திருக்கிறது. நாம் கேட்டு நிறுவிய பொதிக்கு ஒரு குறி, அதற்குத் துணையாக வந்த பொதிக்கு வேறு குறி. நாம் அழைத்தவர் கிளம்பிய பிறகும் கூட வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தால், "இவர்கள் இனித் தேவையில்லை, வேண்டுமானால் அனுப்பிவிடலாம்" என்று பெயர்ப் பட்டியலோடு சொல்லும். நாம் கேட்டதற்கு மேல் எதையாவது சேர்க்கவோ, எதையாவது நீக்கவோ வேண்டிய வேலைக்கு முன்னும் இப்படித்தான். எது புதிதாக வரும், எது போகும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எழுதிக் காட்டிவிட்டு, ஆம் அல்லது இல்லை என்ற பதிலுக்காகக் காத்து நிற்கும். கடை ஜன்னலில் இந்த இடம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மாணவியிடம் சொல்ல வேண்டிய முதல் பதில் இதுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: பதிப்பு எண்களின் வரிசை.

1.9-க்கும் 1.10-க்கும் எது புதியது? பள்ளிக் கணக்குப்படி 1.10 சிறியது. பத்திரம் பார்த்துப் பழகியவர்கள் தடுமாற மாட்டார்கள். சர்வே எண் 112/9-க்கு அடுத்தது 112/10. டிபிகேஜியும் அப்படித்தான் எண்ணுகிறது. எழுத்து வரும் துண்டை எழுத்தாகவும் இலக்கம் வரும் துண்டை எண்ணாகவும் பிரித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒப்பிட்டுக்கொண்டே போகும்.

சிக்கல் வெள்ளோட்டப் பதிப்புகளில் வருகிறது. 1.0 வெளியாகும் முன் சோதனைக்காக ஒன்றை வெளியிடுகிறார்கள். அதற்கு 1.0பீட்டா என்று பெயர் வைத்தால், 1.0-க்குப் பின்னால் ஏதோ சேர்ந்திருப்பதால் அது 1.0-ஐவிடப் பெரியதாகிவிடும். உண்மையான 1.0 வரும்போது "இது பழசு" என்று இயந்திரம் ஒதுக்கிவிடும். பின்னொட்டு சேர்க்கவும் வேண்டும், சேர்த்தால் எண் குறையவும் வேண்டும். இதற்கு டெபியன் கண்ட வழி ~ என்ற அலைக்கோடு. வரிசையில் அது எல்லா எழுத்துக்கும் முன்னால் நிற்கும். வெற்றிடத்துக்கும் முன்னால் நிற்கும். 1.0~பீட்டா என்பது, பின்னால் எதுவுமே இல்லாத வெறும் 1.0-ஐவிடச் சிறியது. இரண்டு அலைக்கோடு போட்டால் இன்னும் முன்னால் போகும். புதிய மென்பொருளைப் பழைய டெபியனுக்காகக் கட்டித் தருபவர்களும் எண்ணின் கடைசியில் இதே கோட்டைப் போட்டுவைக்கிறார்கள். நாளை முழு அமைப்பையும் மேம்படுத்தும்போது, அதிகாரபூர்வப் பொதி தானாக வந்து தற்காலிகத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

முதன்முதல் இந்த விதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏனென்றால் இதை நான் அட்டைப் பெட்டியில் பார்த்திருக்கிறேன். சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன் 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அதில் கணிதத்துக்கு ரோமன் பெரிய எழுத்து பி. கணித நூல்களின் பட்டியலாக ஒரு புத்தகம் வந்தால், பி-க்குப் பின்னால் சின்ன ஏ சேர்க்க வேண்டும். ஏ சேர்ந்தது வெறும் பி-க்கு அடுத்து வரவேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரங்கநாதன் அதை முன்னால் வைத்தார். கணிதம் தேடி வருகிறவர் என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்ற பட்டியலை முதலில் பார்க்கட்டும், பிறகு நூலுக்குப் போகட்டும் என்பது அவர் எண்ணம். ஓர் அடையாளம் சேர்ந்ததாலேயே எண் முன்னே நகர்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்த அட்டைகளை நான் பின்னால் செருகிவைக்க, தலைமை நூலகர் கம்பியை உருவி ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்துக் காட்டினார். டெபியன்காரர்கள் ரங்கநாதனைப் படித்து இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நேர்மையாகப் பட்டியல் போட உட்கார்ந்தவர்கள் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு அதுவே போதும்.

இதற்கு நேர்மாறாக, எண்ணைப் பெரிதாக்கிப் பின்னே தள்ளவும் ஒரு குறி உண்டு. சென்னைத் தெருக்களில் "புதிய எண் 12, பழைய எண் 47" என்று பலகை தொங்குமே, அது மாதிரி. எண் போடும் முறையே மாறிவிட்டால், பதிப்பின் முன்னால் 1 போட்டு ஒரு முக்காற்புள்ளி வைப்பார்கள். அதன்பின் பழைய முறையில் எவ்வளவு பெரிய எண் வந்தாலும் தோற்றுப்போகும். ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது என்பதால் டெபியன்காரர்கள் இதை மிகத் தயங்கித்தான் போடுகிறார்கள். தயங்காதவர்களும் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு உடனே வேண்டும் என்று, ஏதோ ஒரு தளம் கொடுத்த வெளிக் களஞ்சியத்தை என் கணினியில் சேர்த்தேன். அவர்கள் முன்னால் 1 போட்டிருந்தார்கள். சில மாதத்தில் அந்தத் தளம் கைவிடப்பட்டது. டெபியனில் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. என் கணினி மட்டும் "என்னிடம் இருப்பதுதான் புதியது" என்று ஒன்றரை வருடம் பழைய பொதியையே கட்டிக்கொண்டு கிடந்தது. 'ஆப்ட் பாலிசி' என்று தட்டி, எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று பார்த்த நாளில்தான் தெரிந்தது.

பதிப்பு எண் ஒருபோதும் பின்னால் போகக் கூடாது என்ற இந்த விதிக்கு 2024 மார்ச் கடைசியில் பெரிய சோதனை வந்தது. ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் 'அன்ஸ்டேபிள்' கிளையில் வேறு வேலையாக அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போனவர், எக்ஸ்-இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் தன்னளவில் எக்ஸ்-இசட்டைக் கேட்கவில்லை. அழைத்தவரோடு வந்தவர், அவரோடு வந்தவர் என்று சார்புச் சங்கிலியில் அது வாசல்வரை வந்திருந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாகத் திருத்தங்கள் அனுப்பி, தனி ஆளாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றுத்தான் உள்ளே நுழைந்திருந்தார் அந்த ஆசாமி.

டெபியன் உடனே பழைய, நல்ல 5.4.5-க்குத் திரும்ப வேண்டும். ஆனால் 5.4.5 என்று பெயர் போட்டால் 5.6.1 வைத்திருக்கும் கணினிகள் அதைத் தொடாது. அவர்கள் வெளியிட்ட பொதியின் எண் இது: 5.6.1+ரியலி5.4.5-1. அதாவது, வரிசைக்கு 5.6.1, உள்ளே இருப்பது நிஜமாக 5.4.5. அவசரத்திலும் விதியை மீறாமல், படிக்கிறவரிடம் உண்மையையும் மறைக்காமல், எண்ணிலேயே எழுதிவைத்தார்கள். நல்ல பட்டியலாளரின் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

இவ்வளவு கவனத்தோடு, பெரும்பாலும் சம்பளமில்லாமல், உலகெங்கும் இருந்து பராமரிக்கும் பட்டியலை நாம் எப்படி நடத்துகிறோம் என்று பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கேள்வி கேட்டு நிற்கும் ஆப்ட்டிடம், கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் ஆம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கம். முன்பின் தெரியாத தளத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, அது என்ன செய்யும் என்று பாராமல் 'சூடோ'வோடு ஒட்டும் பழக்கம். அட்டைப் பெட்டியின் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பது அது. ஆய்வகங்களிலோ, வாங்கிய நாளில் நிறுவியதோடு சரி; ஒருமுறைகூட 'அப்டேட்' காணாத கணினிகளை நான் போகும் கல்லூரிகளில் பார்க்கிறேன். பள்ளிகளிலும் இதே கதைதான். இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கணினிகள் பலவற்றில் அது விண்டோஸோடு சேர்ந்தே பிள்ளைகள் கைக்கு வந்தது. என் அக்கா மகளின் கணினியிலும் இருந்தது. அதைத் திறந்து, "உள்ளே ஆயிரக்கணக்கில் பொதிகள் இருக்கின்றன, தேடிப் பார்" என்று பள்ளியில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை.

கடிதம் எழுதிய நண்பரே, அடுத்த வகுப்பில் கரும்பலகையில் இந்த நான்கையும் எழுதுங்கள்: 1.0, 1.0~, 1.0ஏ, 1.0~~. எது முன், எது பின் என்று கேள்வி கேட்ட மாணவியைக் கையாலேயே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு பதிப்புகளையும் எது சிறியது என்ற நம் ஊகத்தையும் கொடுத்தால் ஒப்பிட்டுச் சொல்ல டிபிகேஜியில் ஒரு கட்டளை இருக்கிறது. திரையில் எதுவும் எழுதாது. முடிவுக் குறியீட்டைக் கேட்டால், சரியென்றால் 0, தவறென்றால் 1. முதலில் அவள் விடையைச் சொல்லட்டும், பிறகு இயந்திரம் சொல்லட்டும். இரண்டு அலைக்கோடு, ஓர் அலைக்கோடு, வெறும் 1.0, கடைசியில் ஏ. அவள் எதை முதலில் வைத்தாள், ஏன் வைத்தாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.