வெள்ளீயம் போன பின் வந்த வருமானம்

சித்தாண்டிப் பக்கமிருந்து ஆற்று மணல் ஏற்றிய டிப்பர்கள் ஏறாவூரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவு நினைவுக்கு வரும்.

1860இல் உருவான பில்லிட்டன் நிறுவனம் தன் பெயரையே அத்தீவிலிருந்துதான் பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கு வெள்ளீயம் தோண்டினார்கள். இலாபம் கப்பலேறியது, ஊருக்கு மிஞ்சியவை நீர் தேங்கிய குழிகள்.

2005இல் நாவலாகி 2008இல் திரைப்படமான 'லஸ்கார் பெலாங்கி' உல்லாசப் பயணிகளை அங்கு அழைத்து வந்தது. தெரொங் கிராமத்தவர் பழைய சுரங்க நிலத்தைச் சீர்செய்து, விருந்தினரைத் தம் வீடுகளிலேயே தங்கவைத்து, தாமே வழிகாட்டிகளும் ஆனார்கள். 2021இல் யுனெஸ்கோ பெலித்துங்கை உலகப் புவிப்பூங்காவாக அங்கீகரித்தது.

வியாபாரக் கணக்கு எளிது. மணலை ஒரு தடவைதான் விற்கலாம், இலாபம் ஓரிருவருக்கே. விருந்தினர் செலவிடும் பணமோ சமைப்பவர், தோணிக்காரர், கடைக்காரர் எனப் பல கைகளுக்குப் போகும். மறு வருடமும் வரும்.

தெரொங் மக்கள் கெட்டுப்போன நிலத்தைத் திருத்தினார்கள். நமக்கோ ஆறும் வாவியும் இன்னும் கையிலுண்டு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இருக்கிறதா என்று ஊரார் கேட்பதே இத்தொழிலின் முதல் முதலீடு.