கல்யாண மேஜைக்குப் பூத்தோரணம்!
மல்லிகை முந்தினால் கூலி போச்சு!

சென்னை கல்யாண மண்டபங்களில் சந்தனம், கற்கண்டு வைக்கும் வரவேற்பு மேஜை முன்னால் வளைந்து வளைந்து தொங்குகிறதே பூத்தோரணம், அதைக் கட்டுவது லேசுப்பட்ட வேலை அல்ல!

1996-ல் கோயம்பேடு மார்க்கெட் வந்தது முதல் பூவுக்கு அங்கேதான் ஓட்டம். மல்லிகையை மொட்டாக வாங்க வேண்டும். அது சாயங்காலம் மலரும் ஜாதி. ஈரத்துணியில் மூடாமல் வெயில் பட விட்டால் முன்கூட்டியே வாய் திறந்துவிடும். ரிசப்ஷனுக்கு ஆள் வருவதற்குள் பழுத்துப் போகும். "வாடின பூவுக்குக் காசா?" என்று கூலியில் கை வைப்பார்கள்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் தோரணம் முழுக்கச் சம்பங்கியே கோக்கிறார்கள். அது தாக்குப் பிடிக்கும். மல்லிகை நுனிக் குஞ்சத்துக்கு மட்டும். நனைத்த வாழைநாரில் கட்டி, கடைசி நேரத்தில் சேர்ப்பது. மேஜை ஆறடி என்றால் சரம் ஆறடி போதாது. தொங்கல் விழ வேண்டாமா?